பொழுதுபோக்காக மிகுபுனைவு வாசித்தலும் எழுதுதலும்: டோல்கீனும் இங்க்ளிங்ஸ் வட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

மிகுபுனைவை ஓய்வு நேர விருப்பமாக வாசிப்பதும் எழுதுவதும் முறையான இலக்கியப் பணியாகக் கருதப்படுவதில்லை. 'பொழுதுபோக்கு' என்னும் சொல்லே ஒரு படைப்பின் தரத்தைக் குறைத்துக் கூறும் அடைமொழியாக வழங்கி வருகிறது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டு ஆங்கில மிகுபுனைவின் முதன்மைப் படைப்புகள் சில, பிற பணிகளில் இருந்தோர் தம் ஓய்வு நேரத்தில் எழுதியவையே. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீனையும் அவர் பங்குபெற்ற இங்க்ளிங்ஸ் வட்டத்தையும் சான்றாகக் கொண்டு, ஓய்வு நேர எழுத்து மிகுபுனைவின் வடிவத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கற்பனை உலகைக் கட்டுவதற்கு ஓய்வும், அதனை நூலாக நிறைவு செய்வதற்குக் கேட்போரும் தேவை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, ஆர்வலர், இரண்டாம் உலகு, உள்ளிசைவு, இங்க்ளிங்ஸ், வாசிப்பு வட்டம்

முன்னுரை

தொழிலாக அன்றி விருப்பம் காரணமாக ஒரு செயலில் ஈடுபடுவோரைத் தமிழில் 'ஆர்வலர்' என்கிறோம். திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் இச்சொல் அன்புடையோரைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'அமெச்சூர்' என்னும் சொல்லும் அன்பு செலுத்துதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்ததே. இரு மொழிகளிலும் அன்பைக் குறித்த சொல், நடைமுறையில் 'தேர்ச்சி பெறாதவர்' என்னும் பொருள் நிழலையும் ஏற்றுள்ளது. அன்பினால் செய்வது அரைகுறையாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இதன் பின்னே இருக்கிறது. இவ்வெண்ணம் மிகுபுனைவைப் பொறுத்தவரை பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினா தோன்றியதற்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. இக்கட்டுரையாளர் பகலில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபடுபவர். இரவில் ஒரு குறிப்பேட்டில், எங்கும் இல்லாத ஒரு தீவின் கதையை எழுதி வருபவர். எவரேனும் அறைக்குள் வந்தால் அக்குறிப்பேடு ஆய்வு நூல்களுக்கு அடியில் சென்றுவிடும். அதனை மறைக்கத் தூண்டும் கூச்சம் எதனால் ஏற்படுகிறது, அது தேவைதானா என்று எண்ணியபோது, இதே கூச்சத்தை ஒரு பேராசிரியர் வெளிப்படையாகப் பேசிய உரை நினைவிற்கு வந்தது.

டோல்கீன் 1931ஆம் ஆண்டு நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பெம்புரோக் கல்லூரியின் கழகம் ஒன்றில் ஓர் உரை நிகழ்த்தினார். புதிய மொழிகளைத் தாமே படைத்து மகிழும் தம் பழக்கமே அதன் பொருள். 'வீட்டிற்கு ஒரு பொழுதுபோக்கு' என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டிருந்தார். அவ்வுரை பின்னர் 'ஒரு மறைமுகத் தீப்பழக்கம்' என்னும் பொருள்படும் தலைப்பால் அறியப்பட்டது. இவ்விரு தலைப்புகளுக்கு இடையிலேதான் ஆர்வலரின் மனநிலை அமைந்துள்ளது. தாம் செய்வது தீங்கற்ற பொழுதுபோக்கு என்று அவர் அறிவார். எனினும் அதனை வெளியே சொல்லக் கூசுவார்.

மிகுபுனைவு: சொல்லும் பொருளும்

நடப்புலகில் இல்லாதனவற்றை அடிப்படையாகக் கொண்டு, அவை இயல்பாக நிகழும் ஓர் உலகைப் படைத்துக் காட்டும் கதை வகையினை இக்கட்டுரை 'மிகுபுனைவு' என்று குறிப்பிடுகிறது. தமிழ் அணியிலக்கணம் கூறும் இல்பொருளுவமையை இதற்கு ஒரு நுழைவாயிலாகக் கொள்ளலாம். உலகில் இல்லாத ஒரு பொருளை உவமையாக்கும்போது புலவர் ஒரு கணம் இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறார். உவமை முடிந்ததும் அது மறைந்துவிடும். மிகுபுனைவோ அந்த ஒரு கணத்தை நூல் முழுவதும் நீட்டிக்கிறது. இல்பொருளுக்கு ஊரும் பெயரும் வரலாறும் அளிக்கிறது.

டோல்கீன் 1939ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ லாங் நினைவுச் சொற்பொழிவை ஆற்றினார். தேவதைக் கதைகள் பற்றிய அவ்வுரை விரிவாக்கப்பட்டு 1947இல் அச்சேறியது. மிகுபுனைவு பற்றிய கோட்பாட்டுக்கு இன்றும் அடிப்படையாக விளங்கும் அவ்வுரையில் அவர் 'இரண்டாம் உலகு' என்னும் கருத்தை முன்வைக்கிறார். கதைசொல்லி ஓர் உலகைப் படைக்கிறார். அதனுள் நுழையும் வாசகர், அவ்வுலகின் விதிகளுக்கு உட்பட்டு அங்கு நிகழ்வதை உண்மையென ஏற்கிறார். விதி மீறப்படும் கணத்தில் நம்பிக்கை முறிகிறது; வாசகர் வெளியே நின்று ஒரு தோற்றுப்போன முயற்சியைப் பார்ப்பவராகிவிடுகிறார்.

இதனை விளக்க அவர் பச்சை நிறச் சூரியனை எடுத்துக்காட்டுகிறார். பச்சைச் சூரியன் என்று எவரும் சொல்லிவிடலாம். பலர் அதனைக் கற்பனை செய்யவும் கூடும். ஆனால், அச்சூரியன் நம்பத்தக்கதாகத் தோன்றும் ஓர் உலகை அமைப்பதற்கு உழைப்பும் சிந்தனையும் தனித்திறனும் தேவை என்பது அவர் கருத்து. அச்சூரியனின் ஒளியில் பயிர் எவ்வாறு விளையும்? அவ்வுலகத்து மக்கள் எதனை அழகிய நிறம் என்பர்? விடியலுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருப்பர்? இத்தகைய வினாக்களுக்கு விடை காண்பதே மிகுபுனைவு எழுத்தாளரின் அன்றாட வேலை.

அகத்திணைப் பாடல்கள் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணைந்தவை என்பது தொல்காப்பியரின் கொள்கை. முற்றிலும் புனைந்ததாகவோ, முற்றிலும் நடந்ததாகவோ இல்லாமல் இரண்டும் கலந்து நிற்கும் அந்நிலை மிகுபுனைவிற்கும் ஒப்ப நோக்கத்தக்கது. டோல்கீன் படைத்த ஹாபிட்டுகள் என்னும் குறுமனிதர்கள் உலகில் இல்லாதவர்கள். ஆனால் அவர்கள் உண்ணும் ரொட்டியும், புகைக்கும் குழாயும், உறவினர் வருகையால் அடையும் எரிச்சலும் உலகியலைச் சேர்ந்தவை. உலகியல் வலுவாக ஊன்றிய இடத்திலேதான் புனைவு நிலைகொள்கிறது.

சிறுவர் படைத்த உலகங்கள்

மிகுபுனைவு ஆர்வலரின் வரலாறு பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியிலுள்ள ஹாவர்த் ஊரில் வாழ்ந்த பிராண்டே குடும்பத்துக் குழந்தைகள் இதற்கு முற்காலச் சான்று. 1826இல் சிறுவன் பிரான்வெல்லுக்கு அவன் தந்தை மரப் போர்வீரர் பொம்மைகளை வாங்கி வந்தார். அப்பொம்மைகளுக்குப் பெயரிட்டு விளையாடத் தொடங்கிய குழந்தைகள், பின்னர் அவற்றுக்கு நாடுகளையும் அரசியலையும் போர்களையும் உருவாக்கினர். ஷார்லட்டும் பிரான்வெல்லும் ஆங்ரியா என்னும் நாட்டையும், எமிலியும் ஆனும் கோண்டல் என்னும் நாட்டையும் வளர்த்தனர். பொம்மைகளின் அளவிற்கு ஏற்ற மிகச் சிறிய கையெழுத்து நூல்களையும் அவர்கள் தைத்து உருவாக்கினர். பிற்காலத்தில் ஆங்கில நாவலின் போக்கை மாற்றிய சகோதரியர்க்கு எழுத்துப் பயிற்சிக் களமாக அமைந்தது அவ்விளையாட்டேயாகும்.

இதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் சி. எஸ். லூயிஸும் அவருடைய அண்ணன் வாரனும் இதே விளையாட்டை விளையாடினர். தம்பி, பேசும் விலங்குகள் வாழும் நாடொன்றைப் படைத்தார். அண்ணன் தம் கற்பனை நாட்டிற்கு 'இந்தியா' என்று பெயரிட்டார். கப்பல்களும் தொடர்வண்டிகளும் அவருடைய விருப்பங்கள். இரு நாடுகளும் இணைந்து 'பாக்சன்' என்னும் ஒரே உலகமாயின. அவர்கள் படைத்த இந்தியாவிற்கும் நம் நாட்டிற்கும் பெயரளவிலேயே தொடர்பு. எனினும், தொலைவிலுள்ள ஒரு பெயர் சிறுவர் மனத்தில் ஒரு முழு நாட்டை எழுப்பப் போதுமானது என்பதை இது காட்டுகிறது.

டோல்கீனின் விளையாட்டு மொழி சார்ந்தது. உறவினர் வீட்டுச் சிறுமியர் இருவர் விலங்குப் பெயர்களைக் கொண்டு ஒரு குழூஉக்குறி மொழியை அமைத்திருந்தனர். அதனைக் கற்ற அவர், பின்னர் அவர்களுள் ஒருவருடன் 'நெவ்பாஷ்' என்னும் அடுத்த மொழியின் ஆக்கத்திலும் பங்கேற்றார். 1931ஆம் ஆண்டு உரையில் அவர் கூறும் ஒரு நிகழ்வு தமிழ் இலக்கணம் பயின்றோர்க்குச் சுவை பயப்பதாகும். முதல் உலகப் போர்க் காலத்தில், படைப்பயிற்சி வகுப்பொன்றில் சோர்ந்து அமர்ந்திருந்த வீரர் ஒருவர், இரண்டாம் வேற்றுமையை முன்னொட்டால் உணர்த்தலாம் என்று தமக்குள் முணுமுணுத்தாராம். வேற்றுமை உருபு பெயரின் இறுதியில் வருவதை இயல்பாகக் கொண்ட நமக்கு அது எவ்வளவு பெரிய முடிவு என்பது விளங்கும். அவரும் தம்மைப் போன்றே மறைவில் மொழி படைப்பவர் என்பதை டோல்கீன் உடனே உணர்ந்துகொண்டார். ஆனால் அவ்வீரர் அதற்குமேல் தம் மொழியைப் பற்றி எதுவும் வெளியிடவில்லை. கேட்பவரின்றிப் போன ஒரு படைப்பின் உருவமாக அவர் அவ்வுரையில் நிற்கிறார்.

வாசிப்பு வட்டமும் எழுத்து வட்டமும்

டோல்கீன் பள்ளிப் பருவத்தில் பர்மிங்காம் நகரில் நண்பர் மூவருடன் நெருங்கிய ஒரு சிறு குழுவாக இருந்தார். 1916இல் நடைபெற்ற சோம் போரின் முதல் நாளில் அவர்களுள் ஒருவரான ராபர்ட் கில்சன் உயிரிழந்தார். அவ்வாண்டின் டிசம்பரில் ஜெஃப்ரி ஸ்மித்தும் இறந்தார். போர்க்களத்தில் நோயுற்று இங்கிலாந்து திரும்பிய டோல்கீன், உடல் தேறி வந்த அக்காலத்தில்தான் தம் தொன்மக் கதைகளுள் முதலாவதான கோண்டோலின் நகர வீழ்ச்சியை எழுதினார். அவர் கதை எழுதத் தொடங்கியபோது, அதனைக் கேட்டிருக்க வேண்டிய நண்பருள் இருவர் இல்லை.

1925இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் மொழிப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற டோல்கீன், அடுத்த ஆண்டு ஒரு வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினார். பழைய ஐஸ்லாந்துக் காவியங்களை மூலமொழியில் உரக்க வாசித்துப் பொருள் கூறுவதே அதன் பணி. கரியைக் கடிக்கும் அளவிற்கு அடுப்புக்கு நெருக்கமாக அமர்ந்திருப்போர் என்னும் பொருளில் அதற்குக் 'கோல்பீத்தார்' என்று பெயரிடப்பட்டது. சி. எஸ். லூயிஸ் அதில் சேர்ந்தார். வடபுலத் தொன்மங்களின்மீது இருவருக்கும் இருந்த பற்று நட்பாக முதிர்ந்தது. சேர்ந்து வாசிப்பது முதலில் நிகழ்ந்தது; தம் எழுத்தைக் காட்டும் துணிவு அதன் பின்னரே வந்தது.

1929ஆம் ஆண்டின் இறுதியில் டோல்கீன், பெரென்–லூத்தியன் காதலைப் பாடும் தம் நெடுங்கவிதையின் கையெழுத்துப்படியை லூயிஸிடம் அளித்தார். லூயிஸ் அதற்கு எழுதிய மறுமொழி தமிழ் ஆய்வாளர்களுக்கு மிகவும் உவப்பளிக்கும். அக்கவிதை ஏதோ பழஞ்சுவடியில் கிடைத்தது போலவும், பீபாடி, பம்பர்நிக்கல் முதலிய அறிஞர்கள் அதன் பாடவேறுபாடுகளை விவாதிப்பது போலவும் பாவித்து, ஒரு போலி உரைநூலையே அவர் எழுதினார். அவருக்குப் பிடிக்காத அடிகள் ஏடெழுதியோர் செய்த பிழைகளாயின. அவர் பரிந்துரைத்த திருத்தங்கள் வேறு படிகளில் காணப்படும் மூலபாடங்களாயின. நண்பரின் மனம் புண்படாமல் கடுமையான குறைகளையும் கூற அவ்வேடிக்கை உதவியது. டோல்கீன் அவற்றுட் பலவற்றை ஏற்றுத் தம் அடிகளைத் திருத்தினார். இவ்வுரை, கிறிஸ்டோபர் டோல்கீன் 1985இல் பதிப்பித்த தொகுதியில் இடம்பெற்றுள்ளது.

1930களின் தொடக்கத்தில் லூயிஸைச் சூழ்ந்து உருவான நண்பர் குழுவே இங்க்ளிங்ஸ். வியாழக்கிழமை இரவுகளில் மோட்லின் கல்லூரியிலிருந்த லூயிஸின் அறையில் கூடி, எழுதிக்கொண்டிருக்கும் படைப்புகளை வாசித்தனர். 1949 வரை இவ்வாசிப்பு நீடித்தது. உறுப்பினர் அனைவரும் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ராபர்ட் ஹாவர்டு மருத்துவர். ஓவன் பார்ஃபீல்டு வழக்குரைஞர். வாரன் லூயிஸ் ஓய்வுபெற்ற படை அதிகாரி. சார்லஸ் வில்லியம்ஸ் பதிப்பகப் பணியாளர். லூயிஸின் விண்வெளிப் புனைவும், வில்லியம்ஸின் நாவலும், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இயல்களும் அங்கே வாசிக்கப்பட்டன.

தமிழ் மரபில் அரங்கேற்றம் என்பது அவையின் முன் நூலை வைத்துத் தடைகளுக்கு விடை கூறுவதாகும். நிலந்தருதிருவிற் பாண்டியனின் அவையில் அதங்கோட்டாசான் கேட்கத் தொல்காப்பியம் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகிறது. அங்கு முடிந்த நூல் அரங்கேறுகிறது; இங்க்ளிங்ஸ் அவையிலோ முடியாத நூல் வாரந்தோறும் அரங்கேறியது. கேட்டோர் அனைவரும் பாராட்டியவரும் அல்லர். ஹியூகோ டைசன் டோல்கீனின் கதையை விரும்பாமல் அதன் வாசிப்பிற்கே எதிர்ப்புத் தெரிவித்தார். இவ்வட்டத்திற்கு மற்றொரு குறையும் உண்டு: பெண்கள் எவரும் இதில் உறுப்பினராக இல்லை.

இங்க்ளிங்ஸ் உறுப்பினர் ஒருவரையொருவர் பெரிதும் பாதிக்கவில்லை என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. டயானா பாவ்லாக் கிளையர் 2007இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அதனை மறுத்து, ஊக்கப்படுத்துதல், எதிர்த்தல், திருத்துதல் முதலிய வழிகளில் அவர்கள் ஒருவர் எழுத்தில் மற்றவர் பங்குகொண்டதை விளக்குகிறார். லூயிஸிடமிருந்து தாம் பெற்றது செல்வாக்கு அன்று, ஊக்கமே என்றும், நெடுங்காலம் அவர் ஒருவரே தம் கதையைக் கேட்பவராக இருந்தார் என்றும் டோல்கீன் தம் கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார். கதை நிறைவுற்றதற்கு அவ்வூக்கமே காரணம் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

உள்ளிசைவு என்னும் உழைப்பு

இரண்டாம் உலகின் கூறுகள் ஒன்றோடொன்று முரணாமல் பொருந்தி நிற்பதை 'உள்ளிசைவு' எனலாம். நடப்பியல் எழுத்தாளர் சென்னையையோ மதுரையையோ பற்றி எழுதும்போது, தெருவும் கோயிலும் வெயிலும் அவருக்கு முன்னரே கிடைக்கின்றன. மிகுபுனைவு எழுத்தாளருக்கு அத்தகைய கொடை இல்லை. அவர் ஒவ்வொன்றையும் தாமே அமைத்து, அமைத்தவற்றை நினைவிலும் வைத்திருத்தல் வேண்டும்.

'தி ஹாபிட்' டோல்கீன் தம் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையாகும். தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும்போது, எழுதப்படாமல் விடப்பட்டிருந்த ஒரு தாளில் அதன் முதல் வாக்கியத்தை எழுதியதாக அவர் கூறியுள்ளார். கதையைக் கேட்ட சிறுவன் கிறிஸ்டோபர் ஒரு நாள் குறுக்கிட்டு, கதைத்தலைவன் பில்போவின் வாயிற்கதவு சென்ற முறை நீலமாக இருந்தது, இப்போது பச்சையாகிவிட்டதே என்றும், குள்ளர் தலைவன் தோரினின் முக்காட்டுக் குஞ்சம் பொன்னிறத்திலிருந்து வெள்ளி நிறமாகிவிட்டதே என்றும் சுட்டிக்காட்டினான். சலித்துக்கொண்ட தந்தை உடனே எழுந்து சென்று அதனைக் குறித்துக்கொண்டார். உள்ளிசைவின் முதற் காவலர் கூர்ந்து கேட்கும் வாசகரே என்பதற்கு இதனினும் எளிய சான்று இல்லை.

1944இல் டோல்கீனுக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. கதைமாந்தர் பிரிந்து வெவ்வேறு இடங்களில் பயணம் செய்யும் பகுதியில், நிலவின் நிலை ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் பொருந்தவில்லை. அதனைச் சரிசெய்ய அவர் இயல்களைத் திருத்தி எழுதினார். அப்போது கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். எழுதி முடித்த இயல்கள் அஞ்சலில் அவருக்குச் சென்றன. கதவின் நிறத்தைக் கேட்ட சிறுவன், கடல் கடந்தும் கேட்பவராகவே இருந்தார்.

மூன்றாவது சான்று இன்னும் நுட்பமானது. 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' முதற்பதிப்பில், கோல்லம் என்னும் பாத்திரம் விடுகதைப் போட்டிக்குப் பரிசாக மோதிரத்தைத் தர ஒப்புக்கொள்கிறது. பின்னர் எழுதப்பட்ட பெருங்கதையில் அம்மோதிரம் எவரும் மனமுவந்து விட்டுக்கொடுக்க இயலாத தீய ஆற்றலாக வளர்ந்துவிட்டது. ஆகவே, 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வியல் மாற்றி எழுதப்பட்டது. பழைய வடிவத்தையும் டோல்கீன் வீணாக்கவில்லை. அது பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே விளக்கமளித்தார். மோதிரம் அவன் மனத்தை எவ்வளவு விரைவில் பற்றியது என்பதற்கு அப்பொய்யே சான்றாயிற்று. எழுத்தாளரின் முரண் பாத்திரத்தின் குணமாக மாறிய இடம் இது.

வெளியீட்டுக் காலக்கெடுவுக்கு உட்பட்ட எழுத்தில் இவ்வளவு திருத்தங்களுக்கு இடம் கிடைப்பது அரிது. 'தி ஹாபிட்' நூலுக்குத் தொடர்ச்சி கேட்ட பதிப்பகத்திற்காக 1937 டிசம்பரில் தொடங்கிய கதை 1949இல் முடிந்து, 1954–55ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பேராசிரியர் பணி வாழ்க்கைக்கு வழிசெய்ததனால்தான் கதையால் காத்திருக்க முடிந்தது.

தொடங்கும் வழிகள் மூன்று

மிகுபுனைவு எழுத விரும்பும் ஆர்வலர் எங்கிருந்து தொடங்குவது? புகழ்பெற்ற எழுத்தாளர் மூவர் மூன்று வெவ்வேறு வழிகளைக் காட்டுகின்றனர்.

முதலாவது, மொழியிலிருந்து தொடங்குதல். டோல்கீன் ஃபின்னிய மொழியின் ஓசையில் ஈடுபட்டுக் குவென்யாவையும், வேல்ஸ் மொழியின் ஓசையைத் தழுவிச் சிந்தாரினையும் படைத்தார். மொழி இருந்தால் அதனைப் பேசும் மக்கள் வேண்டும். மக்கள் இருந்தால் அவர்களுக்கு வரலாறு வேண்டும். கதைகள் மொழிகளுக்கு ஓர் உலகை அளிக்கவே பிறந்தன என்பது அவருடைய கூற்று.

இரண்டாவது, காட்சியிலிருந்து தொடங்குதல். லூயிஸின் மனத்தில் அவருடைய பதினாறாம் வயது முதல் ஒரு படம் இருந்தது: பனி பொழியும் காட்டில், குடையும் பொட்டலங்களும் ஏந்தி நடக்கும் ஆட்டுக்கால் மனிதன். அப்படம் 1950இல் வெளிவந்த முதல் நார்னியா நூலாயிற்று.

மூன்றாவது, நிலத்திலிருந்து தொடங்குதல். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின், 1968இல் வெளிவந்த தம் 'எர்த்சீ' நாவலுக்காக முதலில் தீவுகளின் வரைபடத்தை வரைந்தார். பின்னர்த் தீவு தீவாகச் சென்று அங்கு நிகழ்வதைக் கண்டறிந்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்னும் திணைக் கோட்பாட்டில் பயின்றவர்க்கு இவ்வழி அயலானது அன்று. நிலம் அமைந்தபின் அதற்குரிய கருப்பொருளும், அவற்றினூடே மனித ஒழுக்கமும் விரிவடைவதைத் தமிழ் மரபு முன்னரே வகுத்துள்ளது.

மூன்று வழிகளுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. எழுத்தாளர் தாம் ஏற்கெனவே ஆழ்ந்து விரும்பும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். சந்தை எதை விரும்பும் என்னும் வினா இங்குத் தொடக்கமாக அமையவில்லை. ஆர்வலர்க்கு இயல்பாகவே கிடைக்கும் உரிமை இது.

நிக்கிலின் இலை: ஆர்வலரின் அச்சம்

பொழுதுபோக்கு எழுத்திற்கு ஓர் இடர் உண்டு. அது முடிவுறாமலே போய்விடக்கூடும். டோல்கீன் இதனை நன்கு அறிந்திருந்தார். 1945இல் வெளிவந்த 'லீஃப் பை நிக்கில்' என்னும் அவருடைய சிறுகதை இவ்வச்சத்தையே பொருளாகக் கொண்டது. நிக்கில் பெரும்புகழ் இல்லாத ஓவியர். ஒற்றை இலையில் தொடங்கிய அவருடைய ஓவியம் மரமாகிறது. மரத்தின் பின்னே காடும் மலையும் விரிகின்றன. அண்டை வீட்டார் உதவி கேட்டு வந்து வேலையைக் கெடுக்கிறார். என்றேனும் கிளம்பியே தீர வேண்டிய ஒரு பயணம் காத்திருக்கிறது. ஓவியம் முடியுமுன்பே பயண நாள் வந்துவிடுகிறது. அவர் சென்ற பின், எஞ்சிய ஓவியத் துணியில் ஓர் இலை மட்டும் சிலகாலம் காப்பாற்றப்படுகிறது.

கதை அங்கு முடியவில்லை. பயணத்தின் மறுபுறத்தில் நிக்கில் தம் மரத்தை உயிருடன் காண்கிறார். அதன் மிக அழகிய இலைகள் சில, அண்டை வீட்டாரின் பங்களிப்போடு உருவானவை என்பதும் அவருக்குப் புலனாகிறது. இடையூறு என்று அவர் எண்ணியதே படைப்பிற்குத் துணையாகவும் இருந்திருக்கிறது.

டோல்கீனின் வாழ்விலும் ஒரு மரம் முடிவுறாமல் நின்றது. 1916–17இல் தொடங்கிய தொன்மக் கதைகளை அவர் வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருந்தார். 1973இல் அவர் இறந்தபோதும் அவை நூலாகவில்லை. கிறிஸ்டோபர் அவற்றை ஒழுங்குபடுத்திச் 'சில்மரில்லியன்' என்னும் நூலாக 1977இல் வெளியிட்டார். தொடங்கியவர் முடிக்க இயலாததை, சிறுவயது முதல் கேட்டவர் முடித்துவைத்தார்.

வாசகர் பதிப்பாளராதலும் ஆய்வாளராதலும்

'தி ஹாபிட்' கையெழுத்துப்படி பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தபோது, தம் பத்து வயது மகன் ரேய்னரிடம் அதனைப் படிக்கக் கொடுத்தார். சிறுவன் எழுதித் தந்த பரிந்துரைக்கு ஒரு ஷில்லிங் கூலி. அச்சிறுவனே வளர்ந்து பதிப்பகத்தில் பணியேற்று, இழப்பு நேரும் என்று தெரிந்தும் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலை வெளியிடப் பரிந்துரைத்தார்.

பின்வந்த வாசகர்களும் தனித்தனியே வாசித்ததோடு அமையவில்லை. 1967இல் கலிஃபோர்னியாவில் மித்தோபியிக் சொசைட்டியும், 1969இல் இங்கிலாந்தில் வேரா சாப்மன் என்னும் பெண்மணியால் டோல்கீன் சொசைட்டியும் தோற்றுவிக்கப்பட்டன. முன்னதன் 'மித்லோர்' இதழ் ஆர்வலர் வெளியீடாகத் தொடங்கி, இன்று அறிஞர் மதிப்பீட்டிற்கு உட்பட்ட ஆய்விதழாக வளர்ந்துள்ளது. பெண்களுக்கு இடமில்லாத ஓர் அறையில் வாசிக்கப்பட்ட கதைக்கு, ஒரு பெண் நிறுவிய கழகம் நிலைத்த வாசகர் வட்டத்தை அமைத்துத் தந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பின்வருவன பெறப்படுகின்றன.

ஒன்று, மிகுபுனைவு உள்ளிசைவை உயிராகக் கொண்டது. அதற்குக் கணக்குப் பாராத காலம் தேவை. ஆர்வலரின் ஓய்வு நேரம் அக்காலத்தை அளிக்க வல்லது. ஆகவே, பொழுதுபோக்கு என்பது இவ்வகை எழுத்தின் குறைபாடு அன்று. அது வளரும் நிலமாகும்.

இரண்டு, சேர்ந்து வாசித்தல் எழுதுவதற்கு முன்நிலையாக அமைகிறது. கோல்பீத்தார் இன்றி இங்க்ளிங்ஸ் தோன்றிய வகையைப் புரிந்துகொள்ள இயலாது.

மூன்று, ஓய்வு மட்டும் போதாது. கதவின் நிறத்தைக் கேட்ட மகன், போலி உரை எழுதிய நண்பர், ஒரு ஷில்லிங் பெற்ற சிறுவன் ஆகியோர் இன்றி டோல்கீனின் உலகம் மேசை இழுப்பறையிலேயே தங்கியிருக்கக்கூடும். படைப்பயிற்சி வகுப்பில் வேற்றுமை உருபை முணுமுணுத்த வீரரின் மொழி நமக்குக் கிடைக்காமற் போனதற்கும், குவென்யா கிடைத்ததற்கும் இடையிலான வேறுபாடு, திறமையை மட்டும் பொறுத்ததன்று. கேட்பவர் வாய்த்தமையையும் பொறுத்தது.

நம் கல்லூரிகளிலும் விடுதி அறைகளிலும் இத்தகைய குறிப்பேடுகள் இருக்கக்கூடும். இலக்கிய மன்றங்கள் முடிந்த படைப்புகளுக்குப் பரிசளிப்பதோடு, முடியாத படைப்புகளைக் கேட்பதற்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஓர் அறையும் நான்கைந்து பேரின் பொறுமையும் போதுமானவை. இக்கட்டுரையை எழுதி முடித்த வாரத்தில், இக்கட்டுரையாளரின் குறிப்பேடும் ஆய்வு நூல்களுக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டு, விடுதித் தோழியர் இருவர் முன் வாசிக்கப்பட்டது. தீவின் வடகரையில் பெய்யும் மழை, தென்கரையில் ஏன் பெய்வதில்லை என்று அவர்களுள் ஒருவர் கேட்டார். அவ்வினாவிற்குரிய விடை இப்போது எழுதப்பட்டு வருகிறது.